பூட்டுக்காரர் என்ன சொன்னார்?

ஜனவரி 12

என் தங்கத்துக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சௌக்கியம். உன் இருமல் நின்றதா? மாப்பிள்ளை வேளைக்குச் சாப்பிடுகிறாரா, இல்லை சவாரி கிடைத்தால் போதும் என்று காரிலேயே சுற்றுகிறாரா? இதற்கெல்லாம் முதல் வரியிலேயே பதில் எழுதிவிடு. அடுத்த வரியிலிருந்து உனக்கு வேறு எதுவும் ஞாபகம் இருக்காது.

வந்துவிட்டது! 'தலைகீழ் மலை' ஏழாவது பாகம், கடைசிப் பாகம், வந்தேவிட்டது!

புத்தகக் கடை திறப்பதற்கு முன்பே போய் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நின்றதெல்லாம் என் இடுப்பு உயரம். பின்னால் நின்ற ஒரு வாண்டு, "ஆன்ட்டி, உங்க பாப்பாவுக்கா வாங்குறீங்க?" என்றாள். எனக்குத்தான் என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இதுல கீச்சு செத்துப் போயிடுவாளாமே" என்று கதையின் நாயகிக்கே நாள் குறித்தாள். "வாயைக் கழுவு!" என்று நான் போட்ட அதட்டலில் கடைக்காரர் கதவைத் திறந்துவிட்டார்.

புத்தகத்தை நேரே தையல் கடைக்குக் கொண்டுபோய், தையல் பிரிக்கும் கத்தியால் முதுகில் கீறி இரண்டாக்கிவிட்டேன். மூன்றாம் பாகம் வந்தபோது யார் முதலில் படிப்பது என்று நீயும் நானும் அடித்துக்கொண்டதில் நான் கத்தியை எடுத்தேனே, அன்றிலிருந்து நம் வீட்டில் எந்தப் பாகமும் முழுசாகக் கிடந்ததில்லை. நீ முன்பாதியை முடித்து என் பக்கம் தள்ளுவாய். நான் அதைப் படிப்பதற்குள் பின்பாதியை நீ விழுங்கியிருப்பாய். இரண்டு பேரும் முடித்த பிறகு கோணி ஊசியும் மெழுகு நூலும் எடுத்து நான் தைத்துவிடுவேன்.

இந்தத் தடவை ஒரு சின்ன மாற்றம். முன்பாதி என்னிடம் இருக்கிறது. பின்பாதியை உனக்கு அனுப்பியிருக்கிறேன். ஆரம்பம் வேண்டுமென்றால் நீதான் வர வேண்டும். வரும்போது அதையும் எடுத்துக்கொண்டு வா, தைக்க வேண்டும்.

அப்பா அப்படியேதான் இருக்கிறார். டிப்போவுக்குப் போகிறார், வருகிறார், பேசினால் பஸ் பிரேக்கைப் பற்றிப் பேசுகிறார். உன் அறைக் கதவு சாத்தியபடியே இருக்கிறது. வழக்கம்போல் கடை விலாசத்துக்கே எழுது.

உன் முகம் பார்க்கக் காத்திருக்கும்,
அம்மா


ஜனவரி 30

அன்பு அம்மாவுக்கு,

இருமல் நின்றுவிட்டது. அவர் வேளைக்குச் சாப்பிடுகிறார். உன் மூட்டு வலி எப்படி இருக்கிறது? ஆயிற்றா? இனி சண்டை.

இது என்ன அநியாயம் அம்மா! முடிவைக் கையில் கொடுத்துவிட்டு ஆரம்பத்தை ஒளித்து வைத்துக்கொள்வதா? பொட்டலத்தைப் பிரித்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. வேலை செய்கிற இடத்தில் பல் செட்டுக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்தவள் அதை அப்படியே விட்டுவிட்டேன், அது கிண்ணத்திலேயே கல்லாகிவிட்டது. முதலாளி, "இந்தப் பல்லை யாருக்கு மாட்டுறது?" என்று கேட்டார். உனக்கு மாட்டலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு பக்கம்கூடப் படிக்கவில்லை. சத்தியம். நீ கத்தி போட்ட இடத்தில் முதல் வரி மட்டும் கண்ணில் பட்டுவிட்டது. உடனே துணியைச் சுற்றி அலமாரி மேலே வைத்துவிட்டேன்.

வரச் சொல்கிறாய். எனக்கு மட்டும் ஆசை இல்லையா? ஒரு பாகத்துக்கும் அடுத்த பாகத்துக்கும் நடுவில் நான் பள்ளி முடித்தேன், வேலைக்குப் போனேன், கல்யாணமும் செய்துகொண்டேன். எது மாறினாலும் கடைசிப் பாகத்தை உன் தோளில் சாய்ந்துகொண்டுதான் படிப்பேன் என்று இருந்தவள் நான். ஆனால் "இனிமே இந்த வாசல்ல கால் வைக்காதே" என்று அப்பா சொன்னது இன்னும் காதில் நிற்கிறது. நாங்கள் பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டதை டிப்போவில் யாரோ சொல்லி அவர் தெரிந்துகொண்டிருக்கக் கூடாதுதான். நான் வந்து சொல்வதற்குள் செய்தி முந்திக்கொண்டது. அதற்காக வாசலை மூடிவிடுவதா? நம் கதையில் வருகிற பூட்டுக்காரரே தேவலை.

அவர் கூப்பிடட்டும், வருகிறேன். அதுவரை புத்தகம் அலமாரி மேலேயே இருக்கட்டும்.

உன் கழுதை


பிப்ரவரி 18

என் அருமைக் கழுதைக்கு,

நலம். மூட்டு வலி அதன் வேலையைப் பார்க்கிறது, நான் என் வேலையைப் பார்க்கிறேன். கல்யாணத் துணிகள் தைக்கும் காலம் என்பதால் கடையில் மூச்சுவிட நேரமில்லை.

முன்பாதியை முடித்துவிட்டேன். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. உனக்குக் கதையைச் சொல்ல மாட்டேன், நம் ஒப்பந்தம் ஒப்பந்தம்தான். ஆனால் கத்தி எங்கே விழுந்திருக்கிறது என்று மட்டும் கேள். கீச்சு திரும்பி வந்துவிட்டாள். அவள் சொல்லாமல் மலை இறங்கிப் போனாள் என்று அந்தப் பாழாய்ப்போன பூட்டுக்காரர் ஊர்க் கதவைப் பூட்டிச் சாவியை ஆகாயத்தில் போட்டாரே, அந்த ஊரில் ஆகாயம் கீழே இருப்பதால் அது விழுந்துகொண்டே இருக்கிறதே, அதே கதவுக்கு வெளியே நிற்கிறாள். உள்ளே அவர் நிற்கிறார். என் பாதியின் கடைசி வரி இதுதான்: 'பூட்டுக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு,'

அவ்வளவுதான். காற்புள்ளியில் நிற்கிறது!

உன் முதல் வரியை மட்டும் எழுதி அனுப்பேன். ஒரே ஒரு வரி. கடை ஓனரம்மாவின் பேத்திகள் முழுப் புத்தகமும் படித்துவிட்டு வந்து என் மெஷினுக்குப் பக்கத்தில் நின்று கதை பேசுகிறார்கள். காதில் பஞ்சை வைத்துக்கொண்டு தைக்கிறேன். ஓனரம்மா கூப்பிட்டதும் காதில் விழாமல் ஒரு சட்டைக்கு இரண்டு இடது கை வைத்துவிட்டேன்.

"இந்த வயசுல பேய்க்கதை" என்று அப்பா முணுமுணுக்கிறார். பேய் இல்லை, மலை என்றேன். "எல்லாம் ஒண்ணுதான்" என்று திரும்பிப் படுத்துக்கொண்டார். அவரிடம் உன் பேச்சை எடுத்தால் கல்லுளிமங்கன் மாதிரி சுவரைப் பார்க்கிறார். அந்தச் சுவரில் என்னதான் எழுதியிருக்கிறதோ.

ஒரு வரி. பெற்றவள் கேட்கிறேன்.

அம்மா


மார்ச் 10

அன்பு அம்மா,

நாங்கள் நலம். நீ கண்ணுக்கு மருந்து விடுகிறாயா? பஞ்சைக் காதில் வைத்த மாதிரி கண்ணிலும் வைத்துவிடாதே.

முதல் வரியை அனுப்ப மாட்டேன். பெற்றவள் கேட்டாலும் சரி, வளர்த்தவள் கேட்டாலும் சரி. எனக்குக் காற்புள்ளிக்கு இந்தப் பக்கம் தெரியும், உனக்கு அந்தப் பக்கம் தெரியும். அப்படியே இருக்கட்டும். நம் இரண்டு பேருக்கும் நடுவில் பாதியில் நிற்கிற ஒரு வாக்கியமாவது இருக்கிறதே.

போன வாரம் உன் மாப்பிள்ளை ஒரு காரியம் செய்தார். நான் அலமாரியைப் பார்த்துப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறேன் என்று, சவாரி முடிந்து வரும்போது ஏழாம் பாகத்தை முழுசாக வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். வண்ணத்தாள் சுற்றி, நாடா கட்டி! முகமெல்லாம் சிரிப்பு. நான் அழுதுவிட்டேன். சந்தோஷத்தில் அழுகிறேன் என்று நினைத்து அந்த மனிதர் இன்னும் சிரித்தார். "முழுசா இருக்கே, பிடிக்கலையா?" என்று கேட்கிறார். முழுசாக இருப்பதுதான் குறை என்று அவருக்கு எப்படிப் புரிய வைப்பது? கடைசியில் அவரே புரிந்துகொண்டு, தெருக்கோடி நூலகத்தில் கொடுத்துவிட்டு வந்தார். அங்கே போகிற குழந்தைகள் இப்போது அவரைப் பார்த்தால் சலாம் போடுகின்றன.

நம் வீட்டுக் கூடத்தில் நீ தைத்துக்கொண்டிருக்க, உன் காலடியில் படுத்துப் படித்த நாளெல்லாம் ஞாபகம் வருகிறது. நான் சிரித்தால், கதையில் எந்த இடம் என்று தெரிந்துகொள்ள, "எங்கே இருக்கே? பாலமா, பரணா?" என்று கேட்பாய். இங்கே சிரித்தால் யாரும் அப்படிக் கேட்பதில்லை. எனக்கு வீட்டுக்கு வர வேண்டும் போல் இருக்கிறது அம்மா. அவ்வளவுதான்.

சீக்கிரம் எழுது.

உன் கழுதை


மே 2

கண்ணே,

பதில் போடத் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. கடையில் வேலை. வேறொன்றுமில்லை. நான் நலம்.

வெயிலுக்கு இதமாக உன் அறை ஜன்னலைத் திறந்து, ஓரமாகச் சாய்வு நாற்காலி போட்டிருக்கிறோம். நல்ல காற்று.

ஒன்று கேட்க வேண்டும். நீ மாவில் வேலை செய்கிறவள் ஆயிற்றே. மாவுக்கட்டுப் போட்டால் உள்ளே அரிக்குமாமே, அதற்கு என்ன செய்வது? தண்ணீர் பட்டால் கட்டு இளகிவிடுமா? பக்கத்து வீட்டுக்காரருக்காகக் கேட்கிறேன்.

புத்தகம் பத்திரம். உடம்பைப் பார்த்துக்கொள்.

அம்மா


மே 14

அம்மா,

நலம் விசாரிக்க எனக்குப் பொறுமை இல்லை. நேராகக் கேட்கிறேன். அப்பாவுக்கு என்ன ஆயிற்று?

நான் கரைப்பது பல்லுக்கான மாவு, எலும்புக்கு இல்லை. அது உனக்கும் தெரியும். பக்கத்து வீட்டுக்காரர் உன்னோடு பேசியே பல காலம் ஆகிறது, அவர் அரிப்புக்கு நீ மருந்து தேடுகிறாயா? நான் வெளியேறிய நாளிலிருந்து சாத்திக் கிடந்த என் அறைக் கதவு எப்படித் திறந்தது? வெயில் என்ன இந்த வருஷம்தான் புதிதாக அடிக்கிறதா? என் காதில் பூச்சுற்றாதே. கதையில் ஒரு வரியை மறைத்தாலே நான் கண்டுபிடித்துவிடுவேன், கடிதத்தில் மறைக்கிறாயே.

கையா, காலா? இடுப்பா? நடக்கிறாரா? துணி எடுத்து வைத்துவிட்டேன். உன் மாப்பிள்ளை காரை வெளியே எடுத்து நிறுத்திவிட்டார். நீ ஒரு வார்த்தை எழுது, வந்து நிற்கிறேன். அப்பா கத்தினால் கத்தட்டும்.

உடனே எழுது.


மே 26

என் தங்கமே,

பயப்படாதே. அப்பா நன்றாக இருக்கிறார். அதட்டுகிற அதட்டலில் குறைவில்லை, அதிலிருந்தே தெரிந்துகொள்.

கால்தான். பஸ்ஸுக்கு அடியில் நின்று வேலை பார்க்கிற பள்ளம் இருக்கிறதே, அதில் இறங்கும்போது எண்ணெய் வழுக்கி விழுந்துவிட்டார். முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிவு. கூடிவிடும், ஆனால் மாதக் கணக்கில் நாற்காலிதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

உனக்கு எழுத வேண்டும் என்று பேனாவை எடுத்தேன். "அவளுக்கு எழுதக் கூடாது" என்றார். யாருக்கு என்று ஒன்றும் தெரியாதவள் மாதிரி கேட்டேன். "கடை விலாசத்துக்குக் கடுதாசி வருதே, அவளுக்குத்தான். எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா? பாவம் பார்த்து யாரும் இந்த வீட்டுக்கு வர வேண்டாம்" என்றார். எல்லாம் தெரிந்துகொண்டே இத்தனை நாள் சும்மா இருந்திருக்கிறார்!

அதனால் இப்போது வராதே. எனக்கு மனசே இல்லை, இருந்தாலும் சொல்கிறேன். காலுக்காக வந்தாய் என்று நினைத்துவிட்டால், கால் ஆறியதும் பழையபடி முகத்தைத் திருப்பிக்கொள்வார். கொஞ்சம் பொறு. ஏனென்றால் இங்கே ஒன்று நடந்துகொண்டிருக்கிறது.

வெளிச்சம் இருக்கிறது என்று உன் அறையில் நாற்காலி போட்டேன். முன்பாதியை ஜன்னல் மேடையில் 'மறந்து' வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். சாயங்காலம் வந்ததும், "யாரு இந்தக் கீச்சு?" என்றார். முதல் பாகத்திலிருந்து படித்தால்தான் தெரியும் என்றேன். "எனக்கெதுக்கு?" என்றார். மறுநாள் வந்து பார்த்தால் செய்தித்தாளை விரித்துப் பிடித்துக்கொண்டிருக்கிறார். உள்ளே முதல் பாகம். செய்தித்தாள் தலைகீழாக இருந்தது. நான் ஒன்றும் பார்க்காதவள் மாதிரி அடுப்படிக்குப் போய், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன்.

இப்போது மூன்றாம் பாகத்தில் இருக்கிறார். "எங்கே இருக்கீங்க, பாலமா, பரணா?" என்று கேட்டேன். "பாலம்" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டு முறைத்தார்.

அம்மா


ஜூன் 9

அன்பு அம்மா,

உன் கடிதத்தை வைத்துக்கொண்டு நான் அழுததைப் பார்த்துவிட்டு அவர் ஓடிவந்தார். பிறகு நான் சிரித்ததைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் கொண்டுவந்தார். துணிமூட்டையைப் பிரிக்கவில்லை. கட்டிலுக்கடியில் இருக்கிறது.

அப்பா என் ஜன்னலில் உட்கார்ந்து கீச்சுவைப் படிக்கிறார். இதை எத்தனை தடவை சொல்லிப் பார்த்தாலும் நம்ப முடியவில்லை. சின்ன வயதில் நான் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னாலேயே சுற்றுவேன். "அப்பா, இந்த ஒரு பக்கம் மட்டும் கேளுங்க." அவர் கையில் கிரீஸ் இருக்கும், "கை கழுவிட்டு வரேன்" என்பார். கழுவிவிட்டு வந்ததும் தூங்கிப் போவார். கோபமில்லை அம்மா, எந்நேரமும் உழைத்த மனிதர். ஆனால் அந்த ஒரு பக்கத்தை நான் இன்னும் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

அவர் கால் எப்படி இருக்கிறது? வலி இருக்கிறதா? ஐந்தாம் பாகத்தில் ஒற்றைச்சிறகுக் காக்கை காணாமல் போகும் இடம் வந்தால் பக்கத்திலேயே இரு. நான் அந்த அத்தியாயத்துக்கு ஒருநாள் முழுக்கச் சாப்பிடவில்லை.

நான் பொறுத்துக்கொள்கிறேன். முடியவில்லை, ஆனாலும் பொறுத்துக்கொள்கிறேன்.

உன் கழுதை


ஜூலை 1

கழுதைக் குட்டிக்கு,

அப்பா ஊன்றுகோல் வைத்துக் கூடம் வரை நடக்கிறார். வலி குறைந்திருக்கிறது. காக்கை காணாமல் போனபோது, "கண்ணுல தூசி" என்றார். ஒரு கண்ணில் இல்லை, இரண்டு கண்ணிலும் தூசி.

நாலாம் பாகத்தில் ஒரு கூத்து. நான் தூக்கக் கலக்கத்தில் அதன் பின்பாதியைத் தலைகீழாக வைத்துத் தைத்துவிட்டேனே, பிரித்தால் தாள் கிழியும் என்று அப்படியே விட்டோமே. அப்பா அந்த இடம் வந்ததும் புத்தகத்தைத் திருப்பிப் பிடித்துப் படித்துவிட்டு, "கெட்டிக்காரன்தான். மலை புரள்ற இடத்துல புத்தகத்தையே புரட்டி வச்சிருக்கான் பாரு" என்று கதாசிரியரைப் பாராட்டினார்! தையல் என்னுடையது என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. நீயும் சொல்லாதே.

நேற்று ஏழாம் பாகத்தின் முன்பாதியை முடித்துவிட்டார். நான் வீட்டுக்குள் நுழையும்போது மடியில் புத்தகம், பார்வை வாசலில். "மீதி எங்கே?" என்றார்.

"உங்க பொண்ணுகிட்ட" என்றேன்.

கடைசிப் பக்கத்தை மறுபடி புரட்டிப் பார்த்தார். "கடையில வேற கிடைக்குமா?" என்றார். கிடைக்கும், எத்தனை வேண்டுமானாலும் கிடைக்கும் என்றேன். "வாங்கிட்டு வரவா?" என்றும் கேட்டுவிட்டேன். கேட்டுவிட்டு எனக்கே உயிர் போய் உயிர் வந்தது. சரி என்று சொல்லிவிட்டால் எல்லாம் முடிந்ததே!

புத்தகத்தைத் திருப்பி, நான் கத்தியால் கீறிய ஓரத்தைக் கட்டை விரலால் தடவிக்கொண்டே இருந்தார். "வேண்டாம்" என்றார். "இதோட ஜோடி அதுதானே."

பிறகு உன் மேஜையில் காகிதம் இருக்கிறதா என்று கேட்டார். கொடுத்தேன். கிழித்துப் போடுகிறார், எழுதுகிறார், கிழித்துப் போடுகிறார். நான் எதுவும் கேட்கவில்லை. நீயும் எதுவும் கேட்காதே.

அம்மா


ஜூலை 20

மகளுக்கு,

அப்பா எழுதுவது. நான் சௌக்கியம். கால் பரவாயில்லை. காலுக்காக நீ வர வேண்டியதில்லை. அது தானாக ஆறிவிடும்.

எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. தப்பிருந்தால் பொறுத்துக்கொள்.

பூட்டுக்காரனைப் பற்றி நீயும் உன் அம்மாவும் தப்பாகப் பேசுகிறீர்கள். ஏழு பாகமாகத் திட்டுகிறீர்கள். அவன் கெட்டவன் இல்லை. அந்தப் பெண் போன செய்தியை ஊர்க்காரன் வந்து சொல்லி அவன் தெரிந்துகொண்டான். அவளே வந்து சொல்லியிருந்தால் கத்தியிருப்பான், ஆனால் பூட்டியிருக்க மாட்டான். ஆத்திரத்தில் சாவியை எறிந்துவிட்டான். எறிந்த கையோடு வருத்தப்பட்டான். அது புத்தகத்தில் எழுதவில்லை, ஆனால் எனக்குத் தெரியும். தினமும் கதவுக்குப் பக்கத்திலேயே ஏன் தூங்குகிறான்? நீங்கள் இரண்டு பேரும் அதை யோசிக்கவே இல்லை.

இன்னொன்று. அவ்வளவு காலம் திறக்காத இரும்புக் கதவில் கீல் துருப்பிடித்துப் போயிருக்கும். சாவி கிடைத்தாலும் திறக்காது. உள்ளேயிருந்து ஒருத்தன் தள்ளினால் மட்டும் அசையாது. வெளியேயிருந்தும் இழுக்க வேண்டும். இது என் தொழிலில் தெரிந்த விஷயம்.

அவன் தொண்டையைச் செருமிக்கொண்டு என்ன சொன்னான் என்று உனக்குத் தெரியுமாம், அம்மா சொன்னாள். எனக்கு அது தெரிய வேண்டும். ஆனால் அதை எழுதி அனுப்பாதே. பின்பாதியைத் தபாலிலும் போடாதே, தொலைந்துவிடும். கையில் எடுத்துக்கொண்டு வா. எனக்கு இந்தச் சின்ன எழுத்து சரியாகத் தெரியவில்லை. நீ படி. நான் தூங்க மாட்டேன்.

மாப்பிள்ளையையும் வரச் சொல். அவர் கதையைப் படித்திருக்கிறாரா? இல்லையென்றால் முதல் பாகத்திலிருந்து கொடு, நடுவில் வந்து கேள்வி கேட்டால் எனக்குப் பிடிக்காது. காரிலேயே வாருங்கள். மெதுவாக ஓட்டச் சொல். பிரேக் எப்படி இருக்கிறது என்று நான் பார்க்க வேண்டும்.

என்றைக்கு என்று எழுத வேண்டாம், கிளம்பிவிடு. உன் அம்மா கோணி ஊசியில் நூலைக் கோத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

அப்பா